கேழ்வரகால் எழுந்த கோடு

முப்பத்தொரு வருடம் நான் அதிகாரபூர்வமாக நார்மல். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த மருத்துவக் கல்லூரியின் பரிசோதனைக் கூடப் பதிவேடுகள் அப்படித்தான் சொல்கின்றன. நோயாளியின் ரத்தத்தைச் சோதிக்கும்போது நோயில்லாத ஒருவரின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். அந்த ஒருவர் யார் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. துறைத் தலைவர் கை நீட்ட மாட்டார். உதவிப் பேராசிரியருக்கு ஊசியைக் கண்டால் மயக்கம். முதுநிலை மாணவர்களுக்கு எப்போதும் தேர்வு. மிச்சம் இருப்பது டெக்னீஷியன். நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். பதிவேட்டில் கோவிந்தராஜ் என்று என் பெயர் வராது, ‘நார்மல்’ என்று மட்டும் வரும். என் மனைவி இந்தத் தீர்ப்பை ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருப்பவள் கவிதா. போன மாதம் போன் செய்தாள். துறைக்கு ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம்.

“சார், வெள்ளணு கால்சியம் டெஸ்ட் நம்ம லேப்ல எப்படி ஆரம்பிச்சதுன்னு எழுதிக் குடுங்க சார். புது மெஷின் வருது, எல்லாத்தையும் அதுவே பண்ணிக்குமாம். பழைய கதை இங்க யாருக்கும் தெரியல. கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இருந்தா நல்லா இருக்கும்.”

சரி என்றேன். சிரிக்கிற மாதிரிதான் அது ஆரம்பித்தது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குடவாசல் பக்கம் விவசாயக் குடும்பம். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார், நான் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்தேன். முதல் மூன்று வருடம் கண்ணாடி ஸ்லைடுகளைக் கழுவினேன், அடுத்த பத்து வருடம் மைக்ராஸ்கோப்பில் வெள்ளணுக்களை எண்ணினேன். அதன்பின் ‘ஃப்ளோ’ என்று நாங்கள் அழைத்த பெரிய இயந்திரம் வந்து, நான் ஒரு மணி நேரத்தில் எண்ணியதை ஒரு நிமிடத்தில் எண்ணியது.

அந்த இயந்திரத்தால் எண்ணுவதைவிடப் பெரிய வேலையும் செய்ய முடியும். அதுதான் கால்சியம் டெஸ்ட். ரத்தத்தில் வெள்ளணு எத்தனை என்பது ஒரு கேள்வி. கிருமி வந்தால் அந்த வெள்ளணு விழித்துக்கொள்ளுமா என்பது இன்னொரு கேள்வி. விழித்துக்கொள்வதற்கு அதற்குக் கால்சியம் வேண்டும். முதலில் தனக்குள்ளே சேமித்து வைத்திருக்கும் கொஞ்சத்தை அவிழ்த்துவிடும். அது தீர்ந்ததும் மேல்தோலில் ஒரு கதவு திறந்து, வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே பாயும். எங்கள் பக்கத்தில் வாய்க்காலில் தேங்கிய தண்ணீரை வைத்து நாற்றங்காலை நனைத்துவிட்டு, நடவுக்கு மதகு திறக்கக் காத்திருப்பார்கள் இல்லையா, அதே கணக்குதான். மதகு திறக்காவிட்டால் நடவு இல்லை.

இதைப் பார்க்கும் முறை அழகானது. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, கால்சியம் பட்டால் ஒளிரும் ஒரு சாயத்தை அவற்றில் ஏற்ற வேண்டும். வெளிச்சம் படக்கூடாது, குழாயின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி உடம்புச் சூட்டில் அரை மணி வைக்க வேண்டும். பிறகு கால்சியமே இல்லாத திரவத்தில் போட்டு இயந்திரத்தில் மாட்டினால் திரையில் ஒரு கோடு படுத்தபடி ஓடும். ஒரு மருந்தைச் சொட்டினால் உள்சேமிப்பு காலியாகி, கோடு சற்றுத் தலைதூக்கும். அடுத்து வெளியிலிருந்து கால்சியத்தை ஊற்ற வேண்டும். கதவு சரியாக இருந்தால் கோடு விருட்டென்று எழுந்து நிற்கும். அந்த நொடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். முப்பத்தொரு வருடத்தில் சம்பளத்துக்காக இல்லாமல் நான் செய்த வேலை அது ஒன்றுதான்.

இப்போது எங்கள் துறைத் தலைவர். அவரை எல்லோரும் சீஃப் என்போம். மூக்குக் கண்ணாடியைக் கையில் வைத்திருப்பார், போட்டுப் பார்த்தவர் இல்லை. காலை ஒன்பது பத்துக்கு லேபுக்குள் வந்து மேசையை ஒரு விரலால் தடவி, அந்த விரலைப் பார்த்து, பெருமூச்சு விடுவார். கேள்வி கேட்பார், பதிலையும் அவரே சொல்லிவிடுவார். ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை, “லிட்ரேச்சர்ல அப்படி இல்ல” என்பார். கெட்டவர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து கடைசிப் பந்தி வரை இருந்தார். ஆனால் அவர் முடிவு செய்துவிட்ட ஒரு விஷயத்தில் நோயாளி குறுக்கே வந்தால் நோயாளி மேல்தான் அவருக்குக் கோபம் வரும்.

எங்கள் ஸ்டோரில் ஊதா மூடிக் குழாய்கள் மலைபோல் கிடந்தன. சாதாரண ரத்தப் பரிசோதனைக்கு அதில்தான் ரத்தம் எடுப்பார்கள். கால்சியம் டெஸ்டுக்கும் அதையே எடுத்தோம். வேறு குழாய் வாங்கலாமா என்று கேட்டதற்கு, “ரத்தம் ரத்தம்தானேய்யா” என்றார் சீஃப். அணுக்களை மூன்று தடவை கழுவச் சொன்னது புத்தகம். “மூணு தடவை கழுவினா அணுவும் சேர்ந்து போயிடும், ஒரு தடவை போதும்” என்றார். முதல் ரத்தம் வழக்கம்போல் என்னுடையது. மருந்தைச் சொட்டினேன், கோடு சற்றுத் தலைதூக்கியது. கால்சியத்தை ஊற்றினேன். கோடு அப்படியே படுத்துக்கொண்டது. வாட்ச்மேன், கேன்டீன் மாஸ்டர், இரண்டு நர்ஸ்கள், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று மேலும் ஐந்து பேரிடம் எடுத்தோம். எல்லாக் கோடுகளும் படுத்திருந்தன.

வேறு யாராக இருந்தாலும் பரிசோதனையில் தப்பு என்று நினைத்திருப்பார்கள். சீஃப் ஜனங்களிடம் தப்பு என்று நினைத்தார்.

“கோவிந்தராஜ், இவங்க ஆறு பேருக்கும் பொதுவா என்னய்யா இருக்கு? எல்லாரும் டெல்டாக்காரங்க. மூணு வேளையும் சோறு. சோத்துல எங்கய்யா கால்சியம் இருக்கு?”

காவிரிப் படுகை மக்களின் வெள்ளணுக்களில் கால்சியப் பாய்ச்சல் குறைவு, காரணம் அரிசி உணவு என்று ஒரு கட்டுரை தயாரானது. சென்னையில் ஒரு ஓட்டலில் நடந்த மாநாட்டில் அதை வாசித்தார். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை, அடுத்தது மதியச் சாப்பாடு. திரும்பி வந்ததும் கல்லூரியில் பொன்னாடை போர்த்தினார்கள். கால்சியம் அதிகம் என்று கேன்டீனில் கேழ்வரகுக் கூழ் கட்டாயமாயிற்று. கட்டுரையில் மிகத் தாழ்ந்த கோடு என்னுடையது என்பதால் எனக்கு மட்டும் இரண்டு டம்ளர்.

விஷயம் வீட்டுக்கும் போனது. என் மனைவி கீழ்வேளூரில் நெல் விளைவிக்கிற குடும்பத்துப் பெண். “எங்க வீட்டு அரிசியைத் தின்னா கோடு படுத்துக்குமா? உங்க சீஃப் என்னத்தத் தின்னு எழுந்து நிக்கிறாராம்?” என்று கேட்டாள். கேட்டாளே தவிர அடுத்த நாளிலிருந்து அவளும் கேழ்வரகுக் களி கிண்ட ஆரம்பித்தாள்.

பொன்னாடை போர்த்திய வாரம்தான், சாயம் வந்த பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படித்தேன். பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ரத்தத்தைப் பச்சை மூடிக் குழாயில் மட்டும் எடுக்கவும். திரும்பவும் படித்தேன். ரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் மருந்து அந்தக் கால்சியத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் ரத்தத்தை உறையாமல் வைக்கிறது. ஒரே தடவை கழுவினால் அந்த மருந்து மிச்சம் இருக்கும், நாங்கள் ஊற்றிய கால்சியத்தையும் அதுவே விழுங்கிவிடும். பச்சை மூடியில் இருப்பது வேறு மருந்து, அது கால்சியத்தைத் தொடாது. இது டிப்ளமோ முதல் வருடப் பாடம். நான் பாஸ் செய்த பாடம்.

அவசரப் பிரிவில் பச்சை மூடிக் குழாய் இருக்கும். ஒன்று வாங்கி வந்து, சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது என் ரத்தத்தை எடுத்து, மூன்று தடவை கழுவி, இயந்திரத்தில் மாட்டினேன். கால்சியத்தை ஊற்றியதும் கோடு திரையின் உச்சிக்குப் போனது. சீஃப் அறைக்கு நடந்தேன். அவர் மாநாட்டுப் படத்துக்குச் சட்டம் போட ஆளை நிறுத்தி அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்னய்யா?”

“ஒண்ணுமில்ல சார்.”

திரும்பி வந்து இயந்திரத்தில் இருந்த அந்தப் பதிவை அழித்தேன். எனக்கு அப்போது ஒரு பதவி உயர்வு வரவேண்டியிருந்தது. மனிதர் சந்தோஷமாக இருக்கிறார், யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நஷ்டம் வந்த வழி இதுதான். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு எப்படியும் கோடு படுத்துத்தான் இருக்கும், பிறகு இங்கே அந்தப் பரிசோதனை எதற்கு என்று சீஃப் யோசித்தார். அவருடைய கணக்குப்படி அது நியாயம்தான். ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யச் சொன்னார்: ‘இப்பகுதி மக்களுக்கு இப்பரிசோதனை பொருந்தாது.’ எந்த டாக்டராவது வெள்ளணுவின் செயல்பாட்டைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு அனுப்பினால் நான் எண்ணிக்கையை மட்டும் எழுதி, ஸ்டாம்பைக் குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்புவேன். நல்ல ஸ்டாம்ப், மை பரவாது.

கிட்டத்தட்ட மூன்று வருடம் அப்படி ஓடியது. ஒரு மே மாதம் குழந்தைகள் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் நிவேதா நேராக லேபுக்கே வந்துவிட்டார். பின்னால் ஒரு பெண், தோளில் பத்து மாதக் குழந்தை. நாகூரிலிருந்து வந்திருக்கிறார்கள். அம்மாவின் பெயர் ஜுலைஹா, குழந்தை ஹசீனா. கணவர் துபாயில் கடையில் வேலை. அன்றைக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் இயந்திரங்களுக்கு மட்டும்தான். எங்கள் எல்லோருக்கும் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“இது மூணாவது நிமோனியா சார்” என்றார் டாக்டர் நிவேதா. “கவுன்ட் நார்மல்னு எழுதியிருக்கீங்க. நார்மலா இருக்குற புள்ளைக்கு ஏன் திரும்பத் திரும்ப வருது? அணு இருக்கு, வேலை செய்யுதான்னு பார்த்துக் குடுங்க.”

நான் வழக்கம்போல் ஸ்டாம்ப் இருக்கும் டிராயரை இழுத்தேன். அந்த அம்மா குழந்தையை மேசைமேல் கிடத்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்தார். தலை நிற்கவில்லை, துவண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். அனலாகக் கொதித்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“இதுக்கு வேர்க்கவே வேர்க்காது அண்ணே” என்றார் ஜுலைஹா. “வெயில் காலம் பூரா துணி நனைச்சுப் போட்டுக்கிட்டே இருக்கணும். மூத்தவனும் இப்படித்தான். எட்டு மாசத்துல மவுத்தாயிட்டான். இங்கதான் பார்த்தோம். எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க.”

மஞ்சள் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மூத்தவனின் ரிப்போர்ட். எண்ணிக்கை சரி என்று இருந்தது. கீழே ஸ்டாம்ப், பக்கத்தில் என் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். வாசித்துவிட்டு மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் டிராயரைச் சாத்தினேன்.

டாக்டர் நிவேதா என் முகத்தைக் கவனிக்கவில்லை. “வேர்வைச் சுரப்பி, தசை, வெள்ளணு, மூணுக்கும் அந்தக் கால்சியக் கதவு ஒண்ணுதான் சார். அப்பா அம்மா சொந்தத்துல கட்டினவங்க. எனக்கு அதுலதான் சந்தேகம். உறுதியா தெரிஞ்சா எலும்பு மஜ்ஜை மாத்தலாம். தெரியாம வெச்சிருந்தா அடுத்த நிமோனியாவுக்குத் தாங்காது.”

“பச்சை மூடியில எடுத்துட்டு வாங்கம்மா” என்றேன்.

“ஏன் பச்சை?” என்றார் டாக்டர்.

“எடுங்க. நான் பண்ணித் தர்றேன்.”

பிஞ்சுக் கையில் நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாம் முறை கிடைத்தது. பக்கத்தில் என் ரத்தமும் எடுத்தேன். மூன்று தடவை கழுவினேன், சாயம் ஏற்றினேன், அலுமினியத் தாளைச் சுற்றி அரை மணி நேரம் அந்தப் பெட்டியின் முன்னாலேயே நின்றேன். முதலில் என்னுடையதை ஓட்டினேன், கோடு எழுந்தது. அடுத்து குழந்தையுடையது. மருந்தைச் சொட்டியதும் சற்றுத் தலைதூக்கியது. சேமிப்பு இருக்கிறது. கால்சியத்தை ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மறுபடி புதிதாக ஓட்டினேன், மூன்றாவது தடவையும் ஓட்டினேன். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அணு வெளியே கால்சியம் நிறைந்து கிடக்க, கதவு திறக்கவேயில்லை. எண்ணிப் பார்த்தால் எல்லா அணுவும் இருக்கின்றன, ஒன்றுகூட விழித்துக்கொள்ளாது. எனக்கு அழுகை வந்தது. அந்தக் குழந்தைக்காக மட்டும் வரவில்லை.

வேறு ஊர்ப் பெரிய மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்றால் ரிப்போர்ட்டில் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும். இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். சீஃப் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“யாரைக் கேட்டு இந்த டெஸ்டைப் பண்ணின? குழந்தை நாகூர். டெல்டா. படுத்துத்தான் இருக்கும், இதுல என்ன அதிசயம்?”

“மேல இருக்குற கோடு என்னோடது சார்.”

அறையில் மின்விசிறி ஓடவில்லை. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. “உன்னோடதா? நம்ம பேப்பர்ல உன் கோடுதானேய்யா எல்லாத்துக்கும் அடியில இருந்துச்சு? இப்ப எப்படி எழுந்துச்சு?”

இங்கேதான் நான் சொல்லியிருக்க வேண்டும். குழாய் தப்பு சார், கட்டுரை தப்பு சார், ஸ்டாம்ப் தப்பு சார் என்று மூன்று வாக்கியம். சொன்னால் அவர் விசாரணை வைப்பார், மறுபடி செய்யச் சொல்வார், கமிட்டி போடுவார். வெளியே குழந்தைக்கு மூச்சு வாங்குகிறது. இந்தக் காரணமெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்ததாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது வேறு.

“கேழ்வரகு சாப்பிடுறேன் சார். மூணு வருஷமா. டெய்லி ரெண்டு டம்ளர்.”

சீஃப் என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

“நான் சொல்லலை?” என்றார். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். “அன்னைக்கே சொன்னேனா இல்லையா? சோறுதான்யா காரணம். இது இன்னொரு பேப்பர்.” பச்சை மையில் கையெழுத்து விழுந்தது. கேழ்வரகு வந்துவிட்டதால் இனி இந்த டெஸ்ட் இப்பகுதிக்குப் பொருந்தும் என்று ஸ்டாம்பையும் ரத்து செய்தார். கவிதா கேட்டாளே, நம் லேபில் வெள்ளணு கால்சியம் டெஸ்ட் முறையாக ஆரம்பித்த கதை இதுதான்.

ரிப்போர்ட்டைக் கொடுக்க நான் வருவதற்குள் சீஃப் வெளியே போய் ஜுலைஹாவிடம் பேசிவிட்டார். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. நான் போனபோது அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையின் கால்விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, பெரிய டாக்டர் கேழ்வரகு குடுத்தீங்களான்னு கேட்டாரு. மூத்தவனுக்கு நான் கேழ்வரகுக் கூழ் குடுக்கல அண்ணே. அவனுக்குச் சளி புடிக்கும்னு மாமி சொன்னாங்க, விட்டுட்டேன். குடுத்திருந்தா இருந்திருப்பானா?”

“இல்லம்மா. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது பொறப்புலேயே வர்றது. நீங்க எதைக் குடுத்தாலும் குடுக்காட்டாலும் இதுதான்.”

“அப்ப இந்த டெஸ்டு? அவனுக்கு ஏன் பண்ணல?”

“அப்ப இது இல்லம்மா” என்றேன். “இப்பத்தான் வந்துச்சு.”

அவர் கண்ணை மூடி ஏதோ ஓதினார். பிறகு என்னைப் பார்த்து, “இத்தன நாளா என்னாலதான் போனான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் அண்ணே” என்று சொல்லி, நன்றி சொன்னார். என்னிடம்.

அந்தப் பெரிய மருத்துவமனையில் ஹசீனாவுக்குத் தாயின் மஜ்ஜையைத்தான் வைத்தார்கள். ஆறு மாதம் அந்த ஊரிலேயே இருந்தார்கள், இரண்டு தடவை குழந்தை கை விட்டுப்போகிற மாதிரி ஆகி மீண்டது. இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். வெள்ளணுக்கள் விழித்துக்கொள்கின்றன. மாற்றியது ரத்தத்தை மட்டும்தான் என்பதால் வேர்வை இன்னும் வரவில்லை, கால்களிலும் பலம் குறைவு. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஜுலைஹா போன் செய்து, “அண்ணே, உங்களாலதான்” என்று ஆரம்பிப்பார். நான் உடனே மழை பெய்ததா என்று கேட்பேன். சீஃப் காலமாகி நான்கு வருடம் ஆகிறது. கேழ்வரகுக் கட்டுரையை இன்றும் சிலர் மேற்கோள் காட்டுவதாகக் கேள்வி.

கவிதாவுக்கு இது மலருக்கு ஆகுமோ ஆகாதோ. ஆகாவிட்டால் திருப்பித் தரச் சொல்லியிருக்கிறேன், கையில் எடுத்துக்கொண்டு நானே நாகூருக்கு பஸ் ஏறுகிறேன். ஜுலைஹாம்மா, அந்த டெஸ்ட் அப்போதே இருந்தது. இயந்திரமும் இருந்தது, குழாய் இரண்டு கட்டிடம் தள்ளி அவசரப் பிரிவில் இருந்தது. உங்கள் மகனின் ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்ட அன்று, இது எனக்குத் தெரிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.